எளிய பிரெஞ்சில் அறிவியல் செய்தி வாசிப்பு: தொடக்கநிலைத் தமிழ்க் கற்போரும் ஐயப்பொருள் வடிவங்களும்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு மொழியைப் புதிதாகக் கற்கும் தமிழர்க்கு எளிமையாக்கப்பட்ட அறிவியல் செய்தி பயன்மிக்க வாசிப்புப் பொருளாகும். அதில் பொருள் முன்னரே அறிந்ததாக இருக்கிறது. கலைச்சொற்களுள் பல ஆங்கிலத்தின் வழியே பழகியவை. தொடர்கள் படர்க்கையில் அமைந்தவை. எனினும், சொல்லையும் தொடரையும் எளிமையாக்கும் முயற்சியில் ஐயம், வாய்ப்பு, கேள்வி ஆகியவற்றை உணர்த்தும் வடிவங்கள் முதலில் களையப்படும் நிலை ஏற்படுகிறது. அவ்வாறு களையும்போது அறிவியலும் திரிகிறது. கற்போர் அறிய வேண்டிய இலக்கணமும் மறைகிறது. அவ்வடிவங்களைத் தொடக்கநிலையிலேயே கற்பிக்க இயலும் என்பதையும், அதற்குத் தமிழின் ‘-லாம்’, ‘-ஆம்’ ஆகிய வடிவங்கள் பாலமாக அமையும் என்பதையும் இக்கட்டுரை ஒப்பீட்டு நோக்கில் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பிரெஞ்சு கற்பித்தல், எளிமையாக்கம், அறிவியல் செய்தி, ஐயப்பொருள், கேள்விப்பொருள், ஒப்பீட்டு இலக்கணம்.

முன்னுரை

தமிழர் பிரெஞ்சு கற்கும் சூழல்கள் பல. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் முதற்பகுதி மொழிப்பாடமாகப் பிரெஞ்சைத் தெரிவுசெய்யும் மாணவர் ஒரு வகையினர். பிரெஞ்சு ஆட்சியின் தொடர்ச்சியாக அம்மொழியோடு உறவுடைய புதுச்சேரி, காரைக்கால் மக்கள் மற்றொரு வகையினர். பாரிஸ், மொன்றியால் முதலிய நகரங்களில் குடியேறி, வாழ்வின் தேவைக்காக வயதுவந்த பின் கற்கும் ஈழத்தமிழர் இன்னொரு வகையினர். இம்மூவகையினர்க்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. இவர்தம் அறிவு வளர்ந்தது. இவர்தம் பிரெஞ்சு வளராதது. கடைக்குச் செல்லுதல், குடும்பத்தை அறிமுகம் செய்தல் என்னும் அளவில் நிற்கும் தொடக்கநிலைப் பாடங்கள் இவர்களின் அறிவுத் தேவையை நிறைவு செய்வதில்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் பொருளாக எளிய அறிவியல் செய்தி அமைகிறது. ஒரு கோளையோ நோயையோ பற்றிய செய்தி வயதுவந்தோர் ஆர்வத்துக்கு உரியது. அதே வேளையில் சிறிய தொடர்களில் சொல்லத்தக்கது. ஆயின், எளிமையாக்கம் எதைக் குறைக்கிறது என்னும் வினாவும் உடன் எழுகிறது. இக்கட்டுரை கற்போரிடம் சோதித்துப் பெற்ற தரவுகளை முன்வைப்பதன்று. இரு மொழிகளின் அமைப்பை ஒப்பிட்டுக் கற்பித்தலுக்கான நெறியை வகுப்பது. பிரெஞ்சுச் சொற்களும் தொடர்களும் இங்கு ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன; புதுச்சேரி வழக்கைப் பின்பற்றி ‘ழான்’, ‘ழாக்’ என்னும் பெயர்களில் வரும் முதல் ஒலிக்கு ழகரம் ஆளப்படுகிறது. எடுத்துக்காட்டுத் தொடர்கள் யாவும் இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை.

1. எளிமையாக்கத்தின் வரலாறும் வகைகளும்

பிரெஞ்சை எளிமையாக்கிக் கற்பிக்கும் முயற்சிக்கு முறையான ஆய்வு அடித்தளம் இட்டவர் ழோர்ழ் கூகெனேம். அவர் தலைமையில் 1951இல் தொடங்கிய ஆய்வு, 275 பேரின் இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து, அவற்றில் சொற்கள் பயிலும் அளவைக் கணக்கிட்டது. அதன் பயனாக ‘அடிப்படைப் பிரெஞ்சு’ என்னும் பெயரில், முதற்படிக்கு ஏறத்தாழ 1,500 சொற்கள் கொண்ட பட்டியல் உருவாயிற்று. பேச்சில் அரிதாக வந்தாலும் எல்லாரும் அறிந்த சொற்கள் உண்டு என்பதையும் அவ்வாய்வு கண்டது. முள்கரண்டியைக் குறிக்கும் ‘ஃபூர்ஷெத்’ அத்தகையது. பயிலும் அளவு மட்டுமே ஒரு சொல்லின் தேவையை முடிவு செய்யாது என்பது இதனால் விளங்கிற்று.

அறிவியல் நடைக்குரிய சொற்களைத் தனியே ஆராய்ந்தவர் ஆந்த்ரே ஃபால். 1971இல் வெளியான அவரது ஆய்வு, துறைதோறும் வேறுபடும் கலைச்சொற்களை விடுத்து, எல்லா அறிவியல் துறைகளிலும் பொதுவாக வழங்கும் சொற்களைத் தொகுத்தது. அளத்தல், மிகுதல், ஒப்பிடல், விளைவித்தல் என்பன போன்ற பொருள்களைத் தரும் பொதுச்சொற்களே அறிவியல் நடையின் எலும்புக்கூடு என்பது இத்தகைய தொகுப்பால் தெளிவாகிறது. கற்போர் முதலில் பற்ற வேண்டியவை ‘மக்மா’, ‘குவாந்தும்’ முதலியன அல்ல. அவற்றை இணைக்கும் சொற்களே.

இன்று எளிய பிரெஞ்சில் கிடைக்கும் செய்திகள் இருவகைப்படும். ஒன்று, அயல்மொழியாகக் கற்போர்க்கென ஆக்கப்படுவது. பிரெஞ்சுப் பன்னாட்டு வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கை இவ்வகையினது; பத்து நிமிட ஒலிபரப்போடு அதன் எழுத்து வடிவமும் தரப்படுகிறது. மற்றொன்று, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுவர்க்கென ஆக்கப்படுவது. 1995 முதல் வெளிவரும் ‘மோன் கொதிதியேன்’ என்னும் நாளிதழும், எட்டு முதல் பதின்மூன்று வயதினர்க்கென 2006இல் தொடங்கிய ‘விக்கிதியா’ என்னும் இணையக் கலைக்களஞ்சியமும் இவ்வகையின.

இவ்விரண்டும் எளியவை என்றாலும் எளிமையின் திசை வேறு. பிரெஞ்சுச் சிறுவர் மொழியை அறிவர், கருத்தை அறியார். ஆதலின் அவர்க்கான பனுவல் கருத்தை விரித்து, மரபுத்தொடர்களையும் பேச்சுவழக்கையும் தாராளமாக ஆளும். வயதுவந்த தமிழ்க் கற்போர் கருத்தை அறிவர், மொழியை அறியார். நிலவு புவியைச் சுற்றுகிறது என்பதை இவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எனவே, சிறுவர் பனுவலே தொடக்கநிலையினர்க்கு எளிது என்னும் பொதுக்கருத்து ஆய்வுக்குரியது.

பனுவலை எளிமையாக்குவதிலும் இரு நெறிகள் உள்ளன. மூலத்தைச் சுருக்கி எளிதாக்குதல், கருத்தை எடுத்துக்கொண்டு புதிதாக எளிய நடையில் எழுதுதல் என ஹென்றி விடோசன் 1978இல் வேறுபடுத்தினார். சொற்களைக் களையாமல் அவற்றின் அருகிலேயே விளக்கம் சேர்த்து விரிக்கும் வழியை யானோ, லாங், ராஸ் ஆகியோர் 1994இல் ஜப்பானிய மாணவரிடம் ஆராய்ந்தனர். ஆங்கிலப் பனுவல்களைக் கொண்டு நிகழ்ந்த அவ்வாய்வில், விரித்த பனுவலைப் படித்தோரின் புரிதலுக்கும் சுருக்கிய பனுவலைப் படித்தோரின் புரிதலுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. களைதல் ஒன்றே எளிமைக்கு வழி அன்று என்பது இதனால் பெறப்படும்.

2. சொல் தரும் துணையும் சொல் செய்யும் திரிபும்

ஆங்கிலம் அறிந்த தமிழர்க்குப் பிரெஞ்சு அறிவியல் சொற்களில் பல பார்த்த அளவில் விளங்கும். கோள், அணு, ஆக்சிஜன், ஒளிச்சேர்க்கை ஆகியவற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் எழுத்தில் ஆங்கில வடிவங்களை ஒத்தவை. ஆனால் இத்துணை எல்லார்க்கும் ஒரே அளவில் கிட்டுவதன்று. அறிவியலைத் தமிழ்வழியில் பயின்றவர் ‘ஒளிச்சேர்க்கை’ என்னும் ஆக்கச்சொல்லின் வழியே கருத்தைத் தெளிவாக அறிவார். ஆங்கில வடிவம் அவர் நினைவில் முன் நிற்பதில்லை. எனவே, தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று வடிவங்களையும் ஒருங்கே தரும் சொல்லடைவு இவர்க்கு இன்றியமையாதது. அது இன்றேல், எளிய செய்தி என்பது ஆங்கிலவழி மாணவர்க்கு மட்டுமே எளியதாகிவிடும்.

ஒப்புமை இல்லாத இடங்களும் உள்ளன. நைட்ரஜனைப் பிரெஞ்சு ‘அஸோத்’ என்கிறது. இரும்பு ‘ஃபேர்’, செம்பு ‘குய்வ்ர்’, பொன் ‘ஓர்’, வெள்ளி ‘அர்ழான்’, ஈயம் ‘ப்ளோம்’ என வழங்குகின்றன. பழங்காலந்தொட்டு மக்கள் வழக்கில் உள்ள உலோகப் பெயர்கள் மொழிக்கு மொழி வேறுபடுவதும், அண்மைக்காலத்தில் பெயரிடப்பட்ட தனிமங்கள் பெரும்பாலும் ஒத்திருப்பதும் இயல்பே. தமிழிலும் இந்நிலையைக் காணலாம்.

ஒப்புமை தோன்றிப் பொருள் மாறுபடும் சொற்களே மிகுந்த கவனத்துக்குரியன. ‘ஃபிசிசியேன்’ என்பது இயற்பியலாளரைக் குறிக்கும். ஆங்கில ஒப்புமையால் மருத்துவர் எனக் கொள்வது பிழை. ‘எக்ஸ்பெரியான்ஸ்’ அனுபவத்தை மட்டுமன்றி ஆய்வகச் சோதனையையும் குறிக்கும். ‘எவிதான்ஸ்’ என்பது வெளிப்படையாகத் தெரியும் தன்மை. சான்று என்பதற்குரிய சொல் ‘ப்ரெவ்’. இவற்றினும் நுட்பமானது ‘எவாந்துயெல்மான்’. ஆங்கிலத்தில் இதனை ஒத்த சொல் ‘இறுதியில்’ எனப் பொருள்படும். பிரெஞ்சிலோ ‘நேர்ந்தால்’, ‘ஒருவேளை’ என்பதே பொருள். ஒரு மருந்து ஒருவேளை பயன்படலாம் என்னும் செய்தியை, அது இறுதியில் பயன்பட்டே தீரும் எனக் கற்போர் கொள்ள இச்சொல் ஒன்றே போதும். இங்குத் திரிவது ஒரு சொல்லின் பொருள் மட்டும் அன்று. ஒரு கூற்றின் உறுதிநிலையே திரிகிறது.

3. எண்ணும் அளவும்

அறிவியல் செய்தியில் எண்கள் மிகுதி. அவை கற்போர்க்கு நங்கூரம் போன்றவை. எனினும் எண்ணிலும் மரபு வேறுபாடு உண்டு. பிரெஞ்சில் காற்புள்ளி தசமத்தைக் குறிக்கும். ஆயிரங்களைப் பிரிப்பது இடைவெளி. புவிக்கும் நிலவுக்கும் இடையிலான சராசரித் தொலைவைத் தமிழ் ஏடு 3,84,400 கிலோமீட்டர் என அச்சிடும். பிரெஞ்சு ஏடு 384 400 என அச்சிடும். புவியின் வயதைப் பிரெஞ்சு ஏடு 4,5 ‘மிலியார்’ ஆண்டுகள் எனக் குறிக்கும். ஒரு ‘மிலியார்’ நூறு கோடி ஆதலின், இது 450 கோடி ஆண்டுகள் ஆகும். பிரெஞ்சின் ‘பிலியோன்’ லட்சம் கோடியைக் குறிக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அதனை ஒத்த சொல் நூறு கோடியையே குறிக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால் ஆயிரம் மடங்கு பிழை நேரும்.

எண்ணுக்கு முன் வரும் சிறுசொற்களும் கருதத்தக்கன. ‘ஆன்விரோன்’ என்பது ஏறத்தாழ, ‘ப்ரெஸ்க்’ என்பது கிட்டத்தட்ட, ‘ப்ளுய் தெ’ என்பது மேற்பட்ட எனப் பொருள்படும். இவை கடினமான இலக்கணம் எதனையும் வேண்டாதவை. ஆயினும் தொடரைச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவன இவையே.

4. தொடரமைப்பில் ஒற்றுமை வேற்றுமைகள்

தமிழில் அடை முன்னும் தலைச்சொல் பின்னும் நிற்கும். ‘கந்தகத்தைக் கண்டறிந்த கலம்’ என்பதில் பெயரெச்சம் பெயருக்கு முன் வருகிறது. பிரெஞ்சில் ‘லா ஸோந்த் கி அ த்ரூவே துய் ஸூஃப்ர்’ எனக் கலத்தைக் குறிக்கும் பெயர் முதலில் வந்து, ‘கி’ என்னும் இணைப்புச்சொல்லின் பின் விளக்கம் தொடர்கிறது. தமிழ்க் கற்போர் இத்தொடரை வலமிருந்து இடமாகப் பொருள்கொள்ள முயல்வது இயல்பு. ‘கி’ வரும் இடத்தில் நிறுத்தி, ‘எந்தக் கலம்?’ என வினவி மேற்செல்லும் பழக்கம் இவ்விடரைக் குறைக்கும்.

செய்தியின் அமைப்பே சில இலக்கணக் கூறுகளை இயல்பாகக் கற்பிக்கிறது. முதன்முறை குறிப்பிடப்படும் கலம் ‘உய்ன் ஸோந்த்’. அடுத்த தொடரில் அதே கலம் ‘லா ஸோந்த்’. தமிழில் ‘ஒரு கலம்’ எனத் தொடங்கி ‘அக்கலம்’ எனத் தொடரும் முறையோடு இது ஒத்துச்செல்கிறது. தனித்தொடர்ப் பயிற்சியில் விளங்காத இவ்வேறுபாடு, கோவையான செய்தியில் விளங்கிவிடுகிறது. பால் பாகுபாட்டில் இவ்வொற்றுமை இல்லை. தமிழில் ஞாயிறும் திங்களும் அஃறிணை. பிரெஞ்சில் ஞாயிறு ஆண்பால், திங்கள் பெண்பால். இது பொருள் நோக்கிய பகுப்பு அன்று, சொல் நோக்கியது. ஆதலின் பெயரை அதன் முன்னடையோடு சேர்த்தே மனங்கொள்ள வேண்டும்.

5. எளிமையாக்கத்தில் நீங்கும் ஐயம்

அறிவியல் செய்தியின் உயிர்நாடி, எது உறுதியாக அறியப்பட்டது, எது கருதப்படுகிறது, எது பிறர் கூற்று என்னும் வேறுபாடு ஆகும். பிரெஞ்சு இதழியல் இவ்வேறுபாட்டை வினைவடிவத்தால் காட்டுகிறது. உறுதிக்கு ‘எ’ (இருக்கிறது), ‘அ த்ரூவே’ (கண்டறிந்துள்ளது) முதலியன வரும். வாய்ப்புக்குப் ‘பூரே’ என்னும் வடிவம் வரும். பிறர் கூற்றெனச் சொல்லித் தன் பொறுப்பை விலக்கிக்கொள்ள ‘ஸெரே’, ‘ஓரே’ என்னும் நிபந்தனை வடிவங்கள் வரும். பின்னவற்றை இதழியல் நிபந்தனை வினை என இலக்கண நூலார் வழங்குவர்.

தொடக்கநிலைப் பாடத்திட்டங்களில் நிபந்தனை வினை பெரும்பாலும் பிற்படிக்குரியதாக வைக்கப்படுகிறது. எனவே, முதற்படி வாசகர்க்கென எழுதுவோர் அதனைத் தவிர்த்து நிகழ்கால உறுதி வினையை இடும் நிலை எளிதில் நேர்கிறது. ‘நிலவு ஒரு காலத்தில் மக்மாக் கடலைக் கொண்டிருந்ததாகக் கருதப்படுகிறது’ என்பது ‘கொண்டிருந்தது’ என ஆகிவிடுகிறது. தொடர் சுருங்கியது; உறுதி பெருகியது.

இதன் விளைவு வகுப்பறையோடு நிற்பதன்று. 2020 மார்ச் மாதம் மர்செய் நகரிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மருந்து கொரோனாத் தொற்றில் பயன்தருவதாகக் கூறியது. அது 36 நோயாளரின் தரவை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. உலகெங்கும் பரவிய அச்செய்தியில், ‘பயன்தரக்கூடும்’ என்பதற்கும் ‘பயன்தருகிறது’ என்பதற்கும் இடையிலான தொலைவு மக்களின் நடத்தையை முடிவு செய்யும் தொலைவாக இருந்தது. அக்கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் 2024 டிசம்பரில் அதனைத் திரும்பப் பெற்றது. பிரான்சில் வாழும் தொடக்கநிலைக் கற்போர் ஒருவர் ‘ஸெரே’ என்பதை ‘எ’ எனப் படித்தால், இழப்பது தேர்வு மதிப்பெண்ணை மட்டும் அன்று.

நிபந்தனை வினை கடினம் என்னும் காரணமும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ‘ழெ வூத்ரே’, அதாவது ‘எனக்கு வேண்டும்’ எனப் பணிவாகக் கேட்கும் தொடர், முதற்படிப் பாடநூல்களின் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. அது நிபந்தனை வினையே. தேநீர்க் கடையில் கேட்பதற்கு அவ்வடிவத்தை முழுச்சொல்லாகக் கற்பிக்க இயலுமெனில், அதே ‘-ரே’ ஈற்றினைக் கொண்ட ‘ஸெரே’, ‘ஓரே’, ‘பூரே’ ஆகிய மூன்றையும் செய்தி வாசிப்பதற்கு முழுச்சொற்களாகக் கற்பிக்க இயலும். முழு வாய்பாட்டைப் பின்னர்க் கற்கலாம். கூகெனேம் குழுவினரின் பட்டியல் பேச்சிலிருந்து பெறப்பட்டது. இதழியல் நிபந்தனை வினையோ எழுத்துச் செய்திக்கும் ஒலிபரப்புச் செய்திக்கும் உரியது. எனவே, பேச்சு வழக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டு செய்தியை எளிமையாக்குவது பொருந்தாது.

6. ‘-லாம்’, ‘-ஆம்’: தமிழ் தரும் பாலம்

இவ்வடிவங்களின் பொருளைத் தமிழ்க் கற்போர் முன்னரே தம் மொழியில் கொண்டுள்ளனர். ‘இருக்கலாம்’ என்பது வாய்ப்பு. ‘மழை பெய்ததாம்’ என்பது கேள்வி. சொல்வோர் தாம் காணாததைப் பிறர் கூற்றாக அறிவிக்கிறார். ‘பூரே’ என்பதன் பொருள் முன்னதோடும், ‘ஸெரே’, ‘ஓரே’ ஆகியவற்றின் பொருள் பின்னதோடும் நெருங்கியவை. மேலும், ‘இருக்கலாம்’ என்பது ‘இருக்கல்’ என்னும் தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்து அமைந்தது. வாய்ப்பு, கேள்வி ஆகிய இரண்டுக்கும் அடியில் தமிழில் ஒரே ‘ஆம்’ நிற்பதும், பிரெஞ்சில் ஒரே ‘-ரே’ ஈறு நிற்பதும் ஒப்புநோக்கத்தக்கன. இது வரலாற்று உறவன்று. பொருளமைப்பில் காணும் இணைவு.

எனினும் மூன்று வேறுபாடுகளைக் கற்பிப்போர் தெளிவுபடுத்த வேண்டும்.

முதலாவது, நடை வேறுபாடு. ‘-ஆம்’ தமிழில் பேச்சுக்கும் கதைக்கும் உரியது. எழுத்துச் செய்தியில் ‘எனக் கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’ என்பனவே வழக்கு. பிரெஞ்சு நிபந்தனை வினை உயர்நடைச் செய்திக்கே உரியது. ஆதலின், பொருளை உணர்வதற்கு ‘-ஆம்’ உதவும். மொழிபெயர்த்து எழுதுவதற்கு ‘எனக் கூறப்படுகிறது’ என்பதே பொருந்தும்.

இரண்டாவது, மனப்பாங்கு வேறுபாடு. ‘-ஆம்’ சில இடங்களில் நம்பாமையையும் எள்ளலையும் உணர்த்தும். ‘அவர் பெரிய அறிஞராம்’ என்பதில் அறிவித்தலினும் இகழ்ச்சியே மிகுதி. பிரெஞ்சு இதழியல் வடிவம் பொறுப்பை விலக்குகிறதேயன்றி இகழ்வதில்லை.

மூன்றாவது, ‘-லாம்’ இசைவையும் குறிக்கும். ‘நீங்கள் போகலாம்’ என்பதில் வாய்ப்புப்பொருள் இல்லை. ‘பூரே’ என்பதற்கு நிகராகக் கொள்வது வாய்ப்புப் பொருளில் வரும் ‘-லாம்’ மட்டுமே.

கூற்றுக்கு உரியவரைச் சுட்டும் ஒழுங்கு தமிழ்ப் புலமை மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தில் ‘என்ப’ என்னும் வினை, சொல்லப்படும் கருத்து முன்னோர் கூற்று என்பதை உணர்த்தி நிற்கிறது. அவ்விடத்தில் ‘என்ப’ என்பதை நீக்கினால் நூற்பாவின் செய்தி மாறாது. அதன் அறிவு மூலம் மறையும். பிரெஞ்சுச் செய்தியில் ‘ஸெலோன்’, அதாவது ‘கூற்றுப்படி’, என்னும் சொல்லை நீக்குவதும் அத்தகையதே. தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வொப்புமை ‘ஸெலோன்’ என்பதன் இன்றியமையாமையை உடனே விளக்கும்.

7. மாதிரிப் பத்தியும் கற்பித்தல் நெறியும்

மேற்கண்ட கருத்துகளைச் செயற்படுத்திக் காட்ட, சந்திரயான் 3 பற்றிய சிறு பத்தி இங்கு அமைக்கப்படுகிறது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். தமிழ் ஏடுகளில் விரிவாக வெளிவந்த செய்தி ஆதலின், கற்போர் பொருளை முன்னறிவர்.

(அ) ‘லேந்த் அ போஸே உய்ன் ஸோந்த் ஸுய்ர் லா லுய்ன்.’ இந்தியா நிலவின்மீது ஒரு கலத்தை இறக்கியுள்ளது.

(ஆ) ‘லா ஸோந்த் எ ப்ரே துய் போல் ஸுய்த்.’ அக்கலம் தென் துருவத்துக்கு அருகில் உள்ளது.

(இ) ‘அன் பெதி ரோபோ அ த்ரூவே துய் ஸூஃப்ர்.’ ஒரு சிறிய ரோபோ கந்தகத்தைக் கண்டறிந்துள்ளது.

(ஈ) ‘லா க்ளாஸ் பூரே எக்ஸிஸ்தே ஸூ லெ ஸோல்.’ தரையின்கீழ்ப் பனிக்கட்டி இருக்கலாம்.

(உ) ‘ஸெலோன் லே ஷெர்ஷெர், லா லுய்ன் ஓரே உய் அன் நொசெயான் தெ மக்மா.’ ஆய்வாளர் கூற்றுப்படி, நிலவு ஒரு மக்மாக் கடலைக் கொண்டிருந்ததாகக் கருதப்படுகிறது.

இவ்வைந்து தொடர்களும் அளவிலும் சொல்லிலும் தொடக்கநிலைக்குரியவை. ஆயினும் உறுதிநிலையில் வேறுபட்டவை. 2023 ஆகஸ்டு 23 அன்று கலம் இறங்கியது நிகழ்ந்த செய்தி. கந்தகம் கண்டறியப்பட்டது, நிலவின் தரையிலேயே கருவியால் அளந்து அறிந்த முடிவு. பனிக்கட்டி பற்றியது, கலம் அளந்த தரை வெப்பநிலையைக் கொண்டு உய்த்துணரப்பட்ட வாய்ப்பு. மக்மாக் கடல் பற்றியது, நிலவின் தொடக்ககால வரலாறு பற்றிய கருதுகோள். சந்திரயான் 3 தந்த மண்ணின் வேதித் தரவுகள் அதற்கு வலுச்சேர்ப்பதாக 2024இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

இரண்டாம் தொடர் தனிக்கவனத்துக்குரியது. கலம் இறங்கிய இடம் ஏறத்தாழ 69 பாகைத் தென் அகலாங்கில் உள்ளது. துருவம் 90 பாகை. ‘துருவத்தில் இறங்கியது’ என எழுதுவது எளிமை அன்று, பிழை. ‘ப்ரே தெ’, அதாவது ‘அருகில்’, என்பது தொடக்கநிலையில் வீட்டின் இருப்பிடத்தைக் கூறுவதற்கே கற்பிக்கப்படும் சொல். உண்மையைக் காப்பதற்குரிய சொல் கற்போரிடம் முன்னரே உள்ளது; அதனைக் களைய வேண்டுவதில்லை. ‘ஒருவேளை’ எனப் பொருள்படும் ‘பெதேத்ர்’ என்பதும் அத்தகைய எளிய சொல்லே. வினைவடிவம் கற்பிக்கப்படாத வகுப்பிலும் இச்சொல்லைக் கொண்டு ஐயத்தை உணர்த்தலாம்.

இப்பத்தியைக் கற்பிக்கும் நெறி பின்வருமாறு அமையலாம்:

1. முதலில் அதே செய்தியைத் தமிழில் படித்தல்.

2. பிரெஞ்சுப் பத்தியில் பெயர்களையும் எண்களையும் அடையாளங்கண்டு, பொருளை ஊகித்தல்.

3. வினைகளையும் ‘ப்ரே தெ’, ‘ஸெலோன்’ போன்ற சிறுசொற்களையும் அடிக்கோடிடுதல்.

4. தொடர்களை உறுதி, வாய்ப்பு, கேள்வி என மூன்றாகப் பகுத்தல்.

5. ஒவ்வொரு தொடரையும் பேச்சுத்தமிழிலும் செய்தித்தமிழிலும் தனித்தனியே பெயர்த்தல். ஐந்தாம் தொடர் முன்னதில் ‘இருந்துச்சாம்’ என்றும், பின்னதில் ‘இருந்ததாகக் கருதப்படுகிறது’ என்றும் அமையும்.

6. பத்தியின் ஒலிவடிவத்தைக் கேட்டு, எழுத்தோடு ஒப்பிடுதல்.

மதிப்பீட்டிலும் இந்நெறி வெளிப்பட வேண்டும். ‘ரோபோ எதைக் கண்டது?’ என்னும் வினா சொல்லறிவைச் சோதிக்கும். ‘யார் சொல்கிறார்? எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்?’ என்னும் வினாக்கள் வாசிப்பைச் சோதிக்கும்.

8. வாசிப்பின் வரம்பு

வாசிப்பு மட்டும் மொழியைத் தந்துவிடாது. பிரெஞ்சில் எழுதப்படும் ஈற்றெழுத்துகள் பல ஒலிப்பதில்லை. தனித்து நிற்கையில் ஒலிக்காதவை உயிர்முதற்சொல் தொடரும்போது ஒலிப்பதும் உண்டு. மேற்காட்டிய ஐந்தாம் தொடரில் ‘அன் நொசெயான்’ எனத் தோன்றும் நகரம் அவ்வாறு வந்ததே. தமிழ் எழுத்தில் பிரெஞ்சை எழுதிப் பழகுவதும் ஓரளவுக்கே உதவும். மீனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் பானத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் தமிழில் ‘புவாஸோன்’ என ஒன்றாகவே எழுதப்படும். முன்னதில் பகரம் வல்லொலி, பின்னதில் மெல்லிய ஒலிப்புடையது. இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது, செவியே காட்டும். ஆகவே, ஒலியோடு எழுத்து வடிவத்தையும் தரும் செய்திகளே தொடக்கநிலையினர்க்குச் சிறந்தவை.

முடிவுரை

எளிய அறிவியல் செய்தி தமிழ்க் கற்போர்க்குப் பிரெஞ்சின் சொல்லையும் தொடரையும் பொருளுள்ள சூழலில் தருகிறது. கலைச்சொல் ஒப்புமை ஆங்கிலவழிப் பயின்றோர்க்கே மிகுதியும் துணைசெய்வதால், தமிழ்வழிப் பயின்றோர்க்கு மும்மொழிச் சொல்லடைவு தேவை. சிறுவர் பனுவலும் கற்போர் பனுவலும் எளிமையில் ஒன்றல்ல. வயதுவந்தோர்க்குப் பின்னதே ஏற்றது.

இவற்றினும் முதன்மையானது உறுதிநிலை பற்றியது. எளிமையாக்குவோர் தொடரின் நீளத்தைக் குறைக்கலாம். அரிய சொல்லை மாற்றலாம். ‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்கிறது’ என ஆக்குதல் எளிமையாக்கம் ஆகாது. ‘ஸெரே’, ‘ஓரே’, ‘பூரே’ ஆகிய மூன்று வடிவங்களையும், ‘ஸெலோன்’, ‘பெதேத்ர்’, ‘ஆன்விரோன்’, ‘ப்ரே தெ’ ஆகிய சிறுசொற்களையும் தொடக்கநிலையிலேயே கற்பித்தால், கற்போர் மொழியையும் அறிவியலின் நேர்மையையும் ஒருங்கே பெறுவர். அவற்றை உணர்வதற்கான திறம் ‘-லாம்’, ‘-ஆம்’ என அவர்தம் தாய்மொழியில் முன்னரே அமைந்துள்ளது. அதனைப் பயன்கொள்ளும் பாடநூல்களை உருவாக்குவது தமிழ், பிரெஞ்சு ஆகிய இரு துறையினரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.